அக்கி எழுதிய இடம்

தை 28, திங்கள்

பேத்தியைக் கட்டிய மாப்பிள்ளை லோகநாதன் கொண்டுவந்து கொடுத்த டைரி இது. அவன் வேலை பார்க்கும் ரிக் வண்டியின் முதலாளி வருஷா வருஷம் கொடுப்பாராம். அட்டையில் போர் போடும் வண்டி நிற்கிறது, தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. "அம்மாயி, நீங்கதான் எழுதப் படிச்சவங்களாச்சே, வெச்சுக்குங்க" என்றான். அறிவொளிக்காரர்கள் வந்து சொல்லிக்கொடுத்த எழுத்து, பிள்ளை பெற்று முடித்த பிறகு கற்றது. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மறந்துபோகும் என்று நான் எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. எழுதி வைத்தால் நாளைக்கு எவரும் அப்படி நடக்கவே இல்லை என்று சாதிக்க முடியாது. அதற்குத்தான்.

நேற்று கட்டுச்சோறு. பேத்தி தாரணிக்கு ஒன்பதாம் மாதம். ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய் அவள் புருஷன் வீட்டில் பந்தி போட்டு, பிள்ளையைப் பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். சம்பந்தி ருக்குமணி என் புளிச்சோற்றில் ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கலோ என்று பக்கத்து இலைக்காரியைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. உப்பு சரியாகத்தான் இருந்தது.

என் ஓரகத்தி நாச்சாயியும் வந்திருந்தாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ஊரோடு வருகிறவளை வராதே என்று சொல்ல முடியாது. சாப்பிட்டு முடித்துத் தாரணியைக் கிட்டத்தில் பார்க்க எழுந்தாள். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். திரும்பிப் போய்விட்டாள்.

தை 30, புதன்

லோகநாதனும் தாரணியும் மலைக்கோயிலுக்குப் போய் வந்தார்கள். நிறைமாதக்காரியைப் படியேற்றாதே என்றேன், பஸ்ஸில் கூட்டிப்போனான். இரண்டு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவள் தூங்கும்போதுகூட அதை எடுக்கவில்லை. நல்ல பையன்தான். அவன் அம்மாவைப் போல இல்லை.

மாசி 2, வெள்ளி

மாப்பிள்ளை கிளம்பிவிட்டான். சத்தீஸ்கர் பக்கம் ஏதோ காட்டூரில் வண்டி நிற்கிறதாம். குழந்தை பிறக்கும்போது வந்துவிடுவானாம். மழைக்காலம் வந்து வண்டிகள் ஊர் திரும்பினால்தான் இங்கே புருஷன்மார் முகம் தெரியும். மற்ற மாதமெல்லாம் செல்போனில்தான் குடித்தனம்.

என் வீட்டுக்காரர் நாக்பூர் லாரி ஓட்டியவர். அந்தக் காலத்தில் செல்போனும் கிடையாது.

மாசி 7, புதன்

தாரணிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இடுப்பு விண்விண் என்று தெறிக்கிறது என்கிறாள். நிறைமாதம், அப்படித்தான் இருக்கும் என்று என் மகள் சம்பூரணம் சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். அவளும் அவள் புருஷனும் விடிந்தால் தறிக்குடோனில்தான்.

மத்தியானம் தாரணி பாத்ரூமுக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. கதவில் காது வைத்தேன். ஒன்றுக்குப் போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிறாள்.

உடம்புச் சூடு. வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். எனக்கும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அந்தச் சூடு ஏறும். இரண்டு மூன்று நாள் சரியாக உட்கார முடியாது. வெண்ணெய் தடவினால் போய்விடும். பிள்ளை பெறுகிற வயதிலிருந்தே இருக்கிறது.

மாசி 9, வெள்ளி

காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். உன்னைக் குளிப்பாட்டி வளர்த்தவள் நான் என்று அதட்டிய பிறகுதான் காட்டினாள்.

கொத்துக் கொத்தாகக் கொப்புளம். சில உடைந்து புண்ணாகிவிட்டன. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் அடுப்பில் வைத்த பாலை இறக்கினேன். பொங்கி வழிந்துவிட்டிருந்தது.

அக்கிதான் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை குயவர் வீட்டில் காவி வாங்கிவந்து எழுதினால் சரியாகிவிடும் என்றேன். டாக்டரிடம் போகலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டதற்கு, அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

மாசி 11, ஞாயிறு

குயவர் வீட்டுக் கிழவர் இடம் எது என்று கேட்டார். இடுப்பு என்று பொய் சொன்னேன். நேரில் கூட்டிவா, சிங்கம் எழுத வேண்டும் என்றார். அக்கி படர்ந்த இடத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதி அடைத்துவிட்டால் அதைத் தாண்டி ஓடாது. எழுந்திருக்க முடியாத நிறைமாதக்காரி என்று கெஞ்சியதும், கொட்டாங்குச்சியில் செங்காவியைக் கரைத்து, ஏதோ முணுமுணுத்து, ஒரு கோழி இறகோடு என் கையில் கொடுத்தார். காவி மேல் தண்ணீர் படக்கூடாது. தாளிதம் கூடாது.

வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நானே எழுதினேன். எனக்குச் சிங்கம் எழுத வராது. சுற்றிக் கோடு இழுத்து உள்ளே நிரப்பிவிட்டேன். இறகு பட்டதும் அவள் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

முடித்து எழுந்தபோது என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"இது மேல சத்தியம் பண்ணு அம்மாயி. யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு."

"டாக்டரம்மாகிட்டக்கூடவா கண்ணு?"

"யாருகிட்டயும். அவரு வந்துட்டுப் போனதுல இருந்துதான்னு நான் சொல்லுவேன். அவரு போனதுக்கப்புறம்தானே வந்துச்சுன்னு அவரு ஊட்டுக்காரங்க சொல்லுவாங்க. எது எடுபடும்?"

உள்ளே குழந்தை புரண்டது. என் உள்ளங்கையில் குதிகால் இடித்தது. சத்தியம் செய்துவிட்டேன்.

மாசி 12, திங்கள்

ரசமும் சுட்ட அப்பளமும். சம்பூரணம் ஏன் தாளிக்கவில்லை என்று கேட்டாள். கடுகு தீர்ந்துவிட்டது என்றேன்.

மாசி 16, வெள்ளி

சம்பந்தி பலகாரத்தோடு வந்தாள். தாரணி ஒருக்களித்து உட்கார்ந்திருந்ததை ஏற இறங்கப் பார்த்தாள். பேச்சோடு பேச்சாக, தன் வம்சத்தில் ஒருத்தி வயிற்றிலும் கத்தி பட்டதில்லை, இதுவும் சுகப்பிரசவம்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவைத்தாள். தங்கள் ஒறம்பரையில், சொந்தக்காரர் வீட்டில், ஒரு மருமகளைச் சீக்கு என்று அம்மா வீட்டில் விட்டவர்கள் திரும்ப அழைக்கவே இல்லை என்றும் ஒரு கதை. எதற்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவள் கொண்டுவந்த முறுக்கு நமுத்துப் போயிருந்தது.

அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது குழாயடியில் நாச்சாயி. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். ஒதுங்கட்டும்.

அந்தப் பகை என்ன என்று இங்கே எழுதிவைக்கிறேன். சம்பூரணத்துக்குப் பிறகு எனக்கு ஒரு பையன் பிறந்தான். புரட்டாசி, வெள்ளிக்கிழமை, பொழுது சாய. கொழுகொழு என்று இருந்தான். அப்போது வடக்குத் தெருவில் அம்மை. நாச்சாயி அந்த வீட்டுக்குப் போய்வந்த கையோடு, திங்கட்கிழமை, என் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாள். புதன்கிழமை உச்சந்தலையில் கொப்புளம். வியாழன் பால் குடிக்கவில்லை. அதற்கடுத்த திங்கள் இழுத்து இழுத்துப் போய்விட்டான். அவள் கை பட்டுத்தான் போனான் என்று என் மாமியார் சொன்னாள், நான் ஊருக்கே சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வகையறாவில் எவளும் பச்சைக் குழந்தையை நாச்சாயி கையில் கொடுத்ததில்லை. அவளுக்கென்று பிள்ளையும் இல்லை.

மாசி 21, புதன்

காய்ந்து பொருக்கு உதிர்கிறது. என் காவி கேட்டுவிட்டது. தாரணி இன்றுதான் நிமிர்ந்து நடந்தாள், சிரித்தாள். போனில் அவனோடு பேசினாள்.

இதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனசு அடங்கவில்லை. புதன்கிழமை அங்கன்வாடிக்குத் தடுப்பூசி போட வரும் கலைமணி நர்ஸம்மாவுக்கு நாலு முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு போனேன். சத்தியம் தாரணியைப் பற்றித்தான். ஈரோட்டில் ஒறம்பரைப் பெண் ஒருத்தி என்று ஆரம்பித்தேன்.

நர்ஸம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எத்தனை மாதம், எப்போது வந்தது, இதற்கு முன் வந்திருக்கிறதா. பிறகு மெதுவாகச் சொன்னாள். நீங்கள் எழுதுகிற அக்கி வேறு, இது வேறு. ஹெர்பிஸ் என்று ஒரு கிருமி. புருஷன் பெண்டாட்டி சேர்க்கையில் ஒட்டுவது. மேலே ஆறிவிடும், உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், உடம்பு அசந்த நேரம் பார்த்து அதே இடத்தில் வந்து வந்து போகும், காலத்துக்கும்.

அந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்றேன். கோபமாகவே சொன்னேன்.

"அப்படிப்பட்டவளா இருக்கோணும்னு இல்லீங்கம்மா. ஒருத்தரோட மட்டும் இருந்தாப் போதும். அந்த ஒருத்தரு எங்கெங்க இருந்தாருன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? ஆம்பளைக்கு மேல ஒண்ணுமே தெரியாம இருக்கும். அவருக்கே தெரியாமக்கூட இருக்கும். பொம்பளை உடம்புலதான் சீக்கிரம் ஏறிக்கும்."

குழந்தைக்கு? அதைத்தான் கேட்கப் போனேன். கடைசி மாதங்களில் முதல் தடவையாக வந்தால்தான் ஆபத்து அதிகம் என்றாள். அந்த வழியாகப் பிறக்கும் குழந்தைக்கு ஒட்டிவிடும். டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்தால் மாத்திரை கொடுத்து, வயிற்றைத் திறந்து எடுத்துவிடுவார்கள். தெரியாவிட்டால்?

பிறக்கும்போது நன்றாக இருக்கும், கொழுகொழு என்று. சில நாள் கழித்துப் பால் குடிக்காது. கொப்புளம் வரும். வலிப்பு வரும்.

போகும்போது சும்மா கேட்கிறாப்போலக் கேட்டேன். அம்மை வீட்டுக்குப் போய்வந்தவள் பச்சைக் குழந்தையைத் தூக்கினால் எத்தனை நாளில் கொப்புளம் வரும்?

"அம்மை அன்னிக்கே வெளிய தெரியாதுங்க. பத்து நாளாச்சும் உள்ளாறயே இருக்கும்."

திங்கள் தூக்கினாள். புதன் கொப்புளம். எனக்கு எதுவும் மறக்காது.

வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன்.

மாசி 22, வியாழன்

நர்ஸம்மா கெட்டிக்காரி. ஈரோட்டை நம்பவில்லை. இன்று வீட்டுக்கே வந்து, ஏதாவது புண், எரிச்சல் உண்டா என்று தாரணியைக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். நர்ஸம்மா தலை மறைந்ததும் தாரணி என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதமுடியாது. "சத்தியத்த மீறுனயா?" என்றாள். உன் பேரைச் சொல்லவில்லை என்றேன். இன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மாசி 23, வெள்ளி

பெரியாஸ்பத்திரியில் பரிசோதனை. கூடப் போனேன். லேடி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, தலை திரும்பியிருக்கிறது, சுகப்பிரசவம் ஆகும் என்றார். வேறு ஏதாவது தொந்தரவு? இல்லை என்றாள் இவள். நான் வாயைத் திறந்தேன். முந்தானைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து அழுத்தினாள். மூடிக்கொண்டேன்.

பாட்டிக்கு என்ன, மூச்சு வாங்குதா என்று டாக்டர் கேட்டார்.

மாசி 28, புதன்

கொத்தமல்லி காயவைத்தேன். ஆட்டுக்குக் கிளை ஒடித்துப் போட்டேன். சம்பூரணத்திடம் சொல்லிவிடலாம் என்று தறிக்குடோன் வாசல்வரை போனேன். தறிச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. என்னம்மா என்று வந்தாள், தலையெல்லாம் பஞ்சு. டிபன் பாக்ஸை மறந்துவிட்டாயே என்று பார்த்தேன் என்றேன். டிபன் பாக்ஸ் அவள் கையில்தான் இருந்தது.

பொழுதோடு தாரணியின் காலை அமுக்கிவிட்டுக்கொண்டே கெஞ்சினேன். குழந்தைக்கு ஆகாது கண்ணு, ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. செல்போனில் எல்லாம் படித்திருக்கிறாள். ஆறிவிட்டதே, ஆறினால் ஆபத்து குறைவு என்று எங்கோ ஒரு வரி படித்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"வயித்தக் கிழிச்சா ஏன்னு கேப்பாங்க அம்மாயி. ஏன்னு தெரிஞ்சா என்னைய இங்கயே உட்டுருவாங்க. அப்பனில்லாத புள்ளையாட்டம் இது வளரோணுமா?"

பிள்ளையே இல்லாமல் போனால் என்ன செய்வாய் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. நிறைமாதக்காரியிடம் அதைச் சொல்லக்கூடாது.

சொன்னால் சத்தியம் வயிற்றில் இருப்பதைத் தாக்கும். சொல்லாவிட்டால் சீக்கு தாக்கும். எங்கள் குலசாமியை நான் இத்தனை கேவலமாகத் திட்டியதில்லை.

பங்குனி 3, திங்கள்

அதே இடத்தில் நமநம என்று அரிக்கிறது என்றாள். பார்த்தேன். செம்மை தட்டியிருக்கிறது, கொப்புளம் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அது தெரியும். நாளை மறுநாள் வெளியே வந்துவிடும்.

கொட்டாங்குச்சியில் மீதிக் காவி காய்ந்து கிடக்கிறது.

பங்குனி 5, புதன்

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதுகிறேன், ஆஸ்பத்திரி வராந்தாவில்.

காலை இட்லி வேகும்போது வலி கண்டது. சம்பூரணம் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள், சம்பந்திக்கும் போட்டாள். வெந்நீர் ஊற்றி உடம்பு துடைத்துவிடுகிறேன் என்று தாரணியைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

துடைத்தேன். பிறகு கொட்டாங்குச்சியில் தண்ணீர் விட்டுக் காவியைக் குழைத்தேன். இறகு எடுக்கவில்லை, கையாலேயே அள்ளினேன். கெட்டியாகப் பூசினேன். தொடையிடுக்கு, அடிவயிறு, எங்கேயும் விடவில்லை. சுற்றிக் கோடும் இழுத்தேன். எந்த நர்ஸும் எந்த டாக்டரும் பார்க்காமல் இருக்க முடியாதபடி, ரத்தச் சிவப்பாக.

வலி விட்ட இடைவெளியில் தாரணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. காலை ஒடுக்கிக்கொள்ளவும் இல்லை.

"கழுவிரட்டுமா கண்ணு?" என்று நானே கேட்டேன்.

பதில் சொல்லுமுன் அடுத்த வலி வந்துவிட்டது. வண்டியும் வந்துவிட்டது. காவி மேல் தண்ணீர் படக்கூடாது. நான் வாயைத் திறக்கவில்லை, சாமி அறிய ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரசவ வார்டுக்குள் அவளைக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் நர்ஸ் போட்ட சத்தம் வெளியே கேட்டது. யார் இந்தக் கூத்தெல்லாம் பண்ணினது என்று என்னைக் கூப்பிட்டுத் திட்டினாள். திட்டட்டும். இது எதற்குப் போட்டது, எங்கே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது. லேடி டாக்டர் வந்தார். காவியைத் துடைத்துவிட்டு லைட்டை இழுத்துவைத்துப் பார்த்தார். திரையை இழுத்துவிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான்.

டாக்டர் கேட்டார், தாரணி சொன்னாள். வலிக்கு நடுவில் ஒவ்வொன்றாக.

கல்யாணம் ஆகும்போது வயது? இருபத்திரண்டு. எனக்குப் பதினாறு.

புருஷனுக்கு என்ன வேலை? ரிக் வண்டி. எனக்கு லாரி.

வீட்டுக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வருவார்? நாலு, அஞ்சு. எங்களுக்கு மூன்று மாதம்.

வந்தபோது உறை ஏதாவது போட்டாரா? மாசமாக இருக்கும்போது எதற்கு என்று போடவில்லை. எங்கள் காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது.

அவருக்குப் புண் ஏதாவது பார்த்தாயா? பார்க்கவில்லை. நானும் பார்த்ததில்லை. விளக்கை அணைத்துவிடுவார்.

உனக்கு வேறு யாரோடாவது? இல்லீங்க. இல்லை.

அவருக்கு?

அந்தப் பக்கமும் சத்தமில்லை, இந்தப் பக்கமும் சத்தமில்லை.

ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துக்குச் சம்பூரணத்தைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் சம்பந்தி வந்து சேர்ந்தாள். வம்சத்தில் இல்லாதது ஏன், தலை திரும்பியிருக்கிறது என்றார்களே, யார் பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். பெரியாஸ்பத்திரியில் யார் என்ன பிடுங்குவார்கள்? நர்ஸ் ஒரே வார்த்தையில், தொற்று இருக்குதுங்க, குழந்தைக்காகத்தான் என்றாள்.

"தொத்தா? எங்கிருந்து வந்துச்சு?" சம்பந்தி கேட்டது என்னை. கண் போனது ஸ்ட்ரெச்சரில் கிடந்த பிள்ளையின் மேல்.

சத்தியம் செய்தவள் நான். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஸ்ட்ரெச்சரிலிருந்து தாரணி சொன்னாள். கத்தவில்லை.

"உங்க மவனக் கேளுங்க அத்தை."

தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பங்குனி 6, வியாழன்

பெண் குழந்தை. தோல் சுத்தமாக இருக்கிறது. கண்ணிலும் வாயிலும் பஞ்சால் ஒற்றிச் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். சம்பந்தி பார்க்காமலே போய்விட்டாள்.

பங்குனி 9, ஞாயிறு

பால் குடிக்கிறது. உச்சந்தலையைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். இப்படித் தடவாதீங்க பாட்டி என்கிறார்கள்.

பங்குனி 12, புதன்

சோதனையில் ஒன்றும் இல்லையாம். இன்னும் சில வாரம் காய்ச்சல், கொப்புளம் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். தாரணிக்கு மாத்திரை. லோகநாதனும் வந்து சோதனைக்கு ரத்தம் கொடுக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் போனை எடுப்பதே இல்லை. குழந்தையின் படத்தை அனுப்பினாளாம், பார்த்துவிட்டான் என்று செல்போன் காட்டுகிறதாம். பதில் இல்லை. ஒளித்து ஒளித்து அழுகிறாள். தையல் வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். நான் காவி பூசியது சரிதானா என்று கேட்கவும் முடியவில்லை, அவளும் சொல்லவில்லை.

நர்ஸ் என்னைத் தனியாக அழைத்து, பாட்டி, உங்களுக்கும் இந்த மாதிரி எப்போதாவது உண்டா, பயப்படாமல் சொல்லுங்கள் என்றாள். எனக்குக் காது கேட்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து துணி எடுத்துக்கொண்டு திரும்பினேன். பூக்காரி வீட்டுக்காரர் படத்துக்கு வழக்கமான பூவை நீட்டினாள். இனிமேல் வேண்டாம் என்றேன். ஏங்க்கா என்றாள். மல்லிகை மணம் ஆகவில்லை என்றேன்.

பங்குனி 23, ஞாயிறு

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாள் ஆயிற்று. லோகநாதன் இன்னும் வரவில்லை. நேற்று ஒரு தடவை போன் அடித்து, தாரணி எடுப்பதற்குள் வைத்துவிட்டான்.

மத்தியானம் தாரணி தூங்கியதும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நாச்சாயி வீட்டுக்குப் போனேன். சம்பூரணம், எங்கேம்மா என்றாள். வெயில் காட்ட என்றேன்.

நாச்சாயி முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசலில் நான் காலெடுத்து வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நிலைப்படியில் அதே பிளவு. நிமிர்ந்து பார்த்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"புடி" என்றேன், குழந்தையை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

"என்ற கை இப்ப நல்ல கையாயிருச்சாக்கும்?"

அம்மை ஒட்டினால் அன்றைக்கே வெளியே தெரியாதாம், நர்ஸம்மா சொன்னாள் என்றேன். அவ்வளவுதான் எனக்கு வாயில் வந்தது.

"நான் அந்த அம்மை ஊட்டுக்குப் போகவே இல்ல பாவாயி. தெரு முக்கு வரைக்கும் போயிட்டு, ஊட்டுல பச்சப்புள்ள இருக்குதுன்னு திரும்பிட்டேன். சொல்லலாம்னு வந்தேன். நீ கதவச் சாத்திட்ட."

கதவைச் சாத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அவள் அன்று கட்டியிருந்த புடவையின் நிறம்கூட நினைவிருக்கிறது. அவள் எதற்கு வந்தாள் என்பது மட்டும் என்னிடம் இல்லை.

கொள்ளில் கல் பொறுக்கினாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்ப எதுனாலயாம்?"

நான் வெயிலைப் பார்த்தேன். நாக்பூரிலிருந்து அவர் வந்து இறங்கிய நாள், கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்கள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சொல்லவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அவளும் அந்த வீட்டில் லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள்தான்.

கை வலித்தது. குழந்தை சிணுங்கித் தலையைத் தொங்கவிட்டது. நான் போகவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் வாங்கியிருக்கமாட்டேன். நின்றேன்.

"தலைக்குக் கீழ கை குடு" என்றாள் நாச்சாயி.

கொடுத்தேன்.